ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏழும் இழுக்குது: ரேம் போடுவதா, எஸ்எஸ்டி மாற்றுவதா, புதிதாகவே வாங்குவதா?

கணக்குப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். ஏழு கம்ப்யூட்டர் உள்ள சின்ன அலுவலகம். பில், கணக்கு, எக்செல், மெயில், பிரவுசரில் ஓடும் சில தளங்கள், அவ்வளவுதான் வேலை. வீடியோ எடிட்டிங் மாதிரி கனமானது எதுவும் கிடையாது. இருந்தும் காலையில் ஆன் செய்தால் முதல் பில் போட கால் மணி நேரம் ஆகிறது. கணக்கு மென்பொருளில் ஒரு லெட்ஜரைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு சர்வீஸ்காரர் எல்லாவற்றிலும் ரேமை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஏழையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்.

இருப்பவை: முதல் மெஷின் ஐ5-7500, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கணக்கு டேட்டா இதில்தான் இருக்கிறது, மற்றவர்கள் ஷேர் ஃபோல்டர் வழியாகத் திறக்கிறார்கள். அடுத்து மூன்று ஐ3-6100, ஒவ்வொன்றிலும் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க். இரண்டு ஐ5-8400, 8 ஜிபி, ஹார்ட் டிஸ்க். ஒரு லேப்டாப், ரைசன் 5 3500யு, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, வைஃபையில் ஓடுகிறது. எல்லாமே விண்டோஸ் 10. எங்கே ஆரம்பிக்கலாம்?

பழைய பலகை

ரெண்டு பேர் சொல்றதையும் கொஞ்சம் ஓரமா வைங்க. எது முட்டுதுன்னு பார்க்காம எதையும் வாங்காதீங்க.

ஒவ்வொரு மெஷினிலும் வேலை இழுக்கிற நேரத்துல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியா வந்தா கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' தட்டுங்க. 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் போய் இதையெல்லாம் எழுதிட்டு வாங்க:

டிஸ்க்குல 'ஆக்டிவ் டைம்' எத்தனை சதவீதம், 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' எத்தனை மில்லிசெகண்ட். மெமரியில 'இன் யூஸ்' எவ்வளவு, 'கமிட்டட்' (ஓடுற நிரல்கள் கேட்டு வச்சிருக்கிற மொத்த மெமரி) எவ்வளவு, 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' எத்தனை. சிபியு பக்கத்துல சதவீதத்தோட 'ஸ்பீடு'ம் வேணும், 'அப் டைம்'மும் வேணும். ஸ்பீடு எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே நின்னா அது சூடு, இல்லேன்னா லேப்டாப்புக்குப் பொருந்தாத சார்ஜர். அதுக்கு ரேம் வாங்கிப் பயனில்லை.

ஒயர்மேன்

கூடவே செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'லிங்க் ஸ்பீடு' என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தும் இழுக்கிறது என்கிறீர்களே, அது எல்லா வேலையிலுமா, கணக்கு மென்பொருளில் மட்டுமா?

கணக்குப்பிள்ளை

பார்த்துவிட்டேன்.

முதல் மெஷின்: டிஸ்க் 100%, ரெஸ்பான்ஸ் டைம் 300 முதல் 900 வரை குதிக்கிறது, ஆனால் படிக்கும் வேகம் வெறும் 1.5 எம்பி. மெமரி இன் யூஸ் 5.9, கமிட்டட் 7.1/10.4. ஸ்லாட் 2-ல் 1. லிங்க் ஸ்பீடு 100/100.

ஐ3 மூன்றும்: டிஸ்க் 100%, மெமரி 3.6/3.9, கமிட்டட் 6.2/8.5. லிங்க் ஸ்பீடு 1000.

ஐ5-8400 இரண்டும்: டிஸ்க் 100%, மெமரி 5.2, கமிட்டட் 7.4. லிங்க் ஸ்பீடு 1000. ஸ்லாட் 2-ல் 1.

லேப்டாப்: டிஸ்க் 3%, சிபியு 12%, மெமரி 5.4. ஒயர்மேன் கேட்டது சரிதான், கணக்கு மென்பொருள் மட்டும்தான் இழுக்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது. ஆனால் அப் டைம் 19 நாள் என்று காட்டுகிறது. தினமும் ஷட் டவுன் செய்கிறோமே?

பழைய பலகை

இப்போ தெளிவா இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ஒரு நோய் இல்ல, மூணு.

முதல்ல டிஸ்க். 100% வேலை, ஆனா நொடிக்கு 1.5 எம்பிதான் வருதுன்னா என்ன அர்த்தம்? ஹார்ட் டிஸ்க் தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது. ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழ வர சராசரியா பாதிச் சுத்து, அதாவது 4.2. ஊசி நகர்றதுக்கு இன்னொரு 8, 9. மொத்தம் ஒரு தடவை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். அப்போ நொடிக்கு 80 தடவைக்குள்ளதான் எடுக்க முடியும். விண்டோஸ் கிளம்பும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகளை அங்கங்க இருந்து கேக்கும். பெரிய ஃபைலை நேரா காப்பி பண்ணா இதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல தரும், துண்டு துண்டா கேட்டா படுத்துடும். எஸ்எஸ்டிக்கு ஊசியும் இல்ல, சுத்தும் இல்ல. நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுக்கும். உங்க காலை நேரத்துக் கால் மணிக்கு இதுதான் காரணம்.

ரெண்டாவது ரேம். ஐ3 மூணுலயும் கமிட்டட் 6.2, ஆனா இருக்கிறதே 4 ஜிபி. மிச்சம் டிஸ்க்குல இருக்கிற பேஜ் ஃபைலுக்கு (ரேம் பத்தாதப்போ விண்டோஸ் பயன்படுத்துற இடம்) போகுது. ஏற்கெனவே திணறுற டிஸ்க் மேலயே அந்தச் சுமையும் ஏறுது. மத்த மெஷின்கள்ல 8 ஜிபிக்குள்ள அடங்குது. அங்க ரேம் இப்போதைக்கு அவசரம் இல்ல. எல்லாத்துக்கும் ரேமை இரட்டிப்பாக்குன்னு சொன்னவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்தே பார்க்கலைன்னு நினைக்கிறேன்.

மூணாவது, அந்த 100/100. அதை ஒயர்மேனுக்கு விட்டுடறேன்.

அப் டைம் விஷயம்: விண்டோஸ்ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன்ல இருந்தா ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்ல. கெர்னலை (விண்டோஸோட மையப் பகுதி) அப்படியே டிஸ்க்குல எழுதி வச்சுட்டு மறுநாள் அதையே எடுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாதான் முழுசாப் புதுசா கிளம்பும். வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்க. டிரைவர் சிக்கல், பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது பாதி அதுலயே போயிடும்.

நள்ளிரவு நிர்வாகி

திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள். கட்டணம் செலுத்தி நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம், நிறுவனங்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அது தள்ளிப்போடுவதுதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி), யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த புதிய முறை), செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். ப்ராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும்தான். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8400 என்றால் 8-ஆம் தலைமுறை, 7500 என்றால் 7, 6100 என்றால் 6. ஐந்து இலக்கமாக 10400 என்று வந்தால் 10.

ஆக உங்கள் ஏழில் ஐ5-8400 இரண்டும் லேப்டாப்பும் தேறும். முதல் மெஷினும் ஐ3 மூன்றும் பட்டியலில் இல்லை. நிபந்தனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்யும் குறுக்கு வழிகள் இணையத்தில் கிடைக்கும்; வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடிப் பார்க்கலாம். அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லாத மெஷினில் கணக்கு டேட்டா வைக்கக் கூடாது.

8400 மெஷினில் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் பதற வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் கிளம்புவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடுங்கள். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி உண்டு. முதலில் டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகு பயாஸில் லெகசி என்ற பழைய முறையிலிருந்து யுஇஎஃப்ஐ-க்குப் போங்கள். வரிசை மாறினால் பூட் ஆகாது.

பழைய பலகை

ஐ3 விஷயத்துல ஒத்துக்கறேன். அதுக்கு ரேம் வாங்காதீங்க. அந்த போர்டுகள்ல சிலதுக்கு டிடிஆர்3எல் ரேம், சிலதுக்கு டிடிஆர்4 ரேம். டிடிஆர்3-ல வெட்டு இருக்கிற இடமே வேற, ஒண்ணுல உள்ளது இன்னொண்ணுல உட்காராது. வாங்கினாலும் நாளைக்குப் புது மெஷினுக்கு உதவாது.

எஸ்எஸ்டி கதை வேற. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்க் மாட்டுற அதே இணைப்பு) இன்னைக்கு ஐ3-ல போட்டு, அந்த மெஷின் போனதும் கழட்டி வேறதுல மாட்டலாம், இல்ல யுஎஸ்பி உறை போட்டு பேக்கப் டிரைவ் ஆக்கலாம். அதனால 8400 ரெண்டுக்கும் உடனே எஸ்எஸ்டி. ஐ3 மூணும் இன்னும் ஆறு மாசம் ஓடணும்னா அதுக்கும் எஸ்எஸ்டி. ரேம் குறைவோட வலியும் பாதி குறையும், ஏன்னா பேஜ் ஃபைல் இப்போ எஸ்எஸ்டியில இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: எம்.2 ஸ்லாட் (போர்டுலயே நேரா செருகுற எஸ்எஸ்டிக்கான இடம்) இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. அதே வடிவத்துல சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. சில போர்டு ஒண்ணை மட்டும்தான் ஏத்துக்கும். போர்டு மாடலோட கையேட்டைப் பார்த்துட்டு வாங்குங்க. 2280-ன்னா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். கடைசியில மாட்டுற அந்தப் பொடி ஸ்க்ரூ பல போர்டோட வராது, அதையும் கேட்டு வாங்கிடுங்க.

சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரைக்கும் போகும், என்விஎம்இ அதைப் போல ஆறு மடங்கும் அதுக்கு மேலயும் போகும். பில் போடுறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதுக்கு மாறினாலும்தான் தெரியும். அதனால 8400-ல சாட்டாவே போதும். டேட்டா கேபிள் ஒண்ணு தனியா வாங்குங்க. கம்பெனி டெஸ்க்டாப் சிலதுல பவர் கேபிள் மதர்போர்டுல இருந்தே வரும், மிச்ச முனை இருக்காது. அப்படி இருந்தா ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு அதோட கேபிளையே எஸ்எஸ்டிக்குப் போடணும்.

240 ஜிபி வேண்டாம், 480 இல்ல 500-ன்னு போங்க. எஸ்எஸ்டி முழுசா நிரம்பினா எழுதுற வேகம் விழுந்துடும். பத்துப் பதினஞ்சு சதவீதம் எப்பவும் காலியா இருக்கணும்.

தாரணி

க்ளோன் செய்வதா (பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது), புதிதாக விண்டோஸ் போடுவதா? இதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பழைய பலகை

என் ஓட்டு க்ளோனுக்கு. செட்டிங்ஸ், பிரிண்டர், மெயில் எதுவும் மாறாது, ஒரு மணி நேர வேலை. க்ளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் முதல் தடவை ஆன் பண்ணணும். ரெண்டும் மாட்டியிருந்தா ரெண்டுக்கும் ஒரே அடையாள எண். ஒண்ணு ஆஃப்லைனா போகும், இல்லேன்னா பழையதுல இருந்தே பூட் ஆகி 'எஸ்எஸ்டி போட்டும் வேகம் இல்லையே'ன்னு உட்கார்ந்திருப்பீங்க.

நள்ளிரவு நிர்வாகி

எனக்கு உடன்பாடில்லை. ஏழெட்டு ஆண்டுக் குப்பையையும் சேர்த்தேதான் க்ளோன் கொண்டுபோகும். இரண்டு ஆன்டிவைரஸ், நீக்கிய பிரிண்டரின் டிரைவர், ஸ்டார்ட்அப்பில் இருபது நிரல். 8400 இரண்டும் விண்டோஸ் 11-க்குப் போகப் போகின்றன. அங்கே நேரடியாகப் புதிதாகப் போடுவது மேல். ஐ3-களுக்கு க்ளோன் போதும், ஆயுள் குறைவுதானே.

எந்த வழியானாலும் முன்னதாகச் செய்ய வேண்டியவை சில உண்டு. பிட்லாக்கர் (டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சடித்து வேறு இடத்தில் வையுங்கள், அதன் பிறகு பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்துங்கள். பயாஸ் அப்டேட், மதர்போர்டு மாற்றம், டிபிஎம் அமைப்பு மாற்றம் எது நடந்தாலும் அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் டேட்டா போனது போனதுதான், யாராலும் திறக்க முடியாது. புதிய விண்டோஸ் 11 மெஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், ஹோம் பதிப்பாக இருந்தாலும், கேட்காமலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிவிடலாம். சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கு வேலையை விட்டுப் போன ஊழியருடைய சொந்த மெயிலாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு உரிமங்கள். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, டிஸ்க் மாற்றினால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். கணக்கு மென்பொருள் அப்படியல்ல. பல மென்பொருள்கள் மெஷினையே அடையாளம் வைக்கும். பழையதில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால்தான் புதியதில் ஏறும். ஃபார்மட் செய்த பிறகு நினைவு வந்தால் உதவி மையத்துக்குப் போன் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், பழைய ஸ்கேனரின் டிரைவர் எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே தேடி வையுங்கள்.

பயாஸில் சேமிப்பக முறை 'ரெய்டு' என்று இருந்தால் க்ளோன் செய்யும்போது அதைத் தொடாதீர்கள். 'ஏஹெச்சிஐ' என்று மாற்றினால் நீலத்திரைதான், பூட் டிஸ்க்கைக் காணோம் என்று நிற்கும்.

ஒயர்மேன்

கணக்கு மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பில் டிஸ்க் 3%, சிபியு 12%. அந்த மெஷின் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. டேட்டா வர வேண்டியது முதல் மெஷினிலிருந்து. முதல் மெஷினின் லிங்க் ஸ்பீடு 100. ஆக ஆறு பேரும் ஒரே 100 எம்பிபிஎஸ் வாசல் வழியாகப் போய், 100% முட்டிய ஹார்ட் டிஸ்க்கின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், கைக்கு வருவது 11. கிகாபிட்டில் 110 வரை வரும். சோதித்துப் பார்ப்பது சுலபம். 1 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை அந்த ஷேரிலிருந்து ஒயர் போட்ட மெஷினுக்குக் காப்பி செய்யுங்கள். ஒன்றரை நிமிடம் ஆனால் 100-ல் ஓடுகிறது. பத்துப் பதினைந்து நொடியில் முடிந்தால் கிகாபிட்.

மற்றவை 1000 காட்டுவதால் உங்கள் ஸ்விட்ச் கிகாபிட்தான். அப்படியென்றால் முதல் மெஷினின் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி இருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒன்று அறுந்தாலோ, கனெக்டரில் சரியாகக் கடிபடாவிட்டாலோ, இணைப்பு அறுபடாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் கேபிள் ஓடுகிறதா, கிளிப் உடைந்து தொங்குகிறதா பாருங்கள். முதலில் வேலை செய்யும் மெஷினின் கேபிளை மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். 1000 வந்தால் கேபிள். வராவிட்டால் ஸ்விட்ச்சில் வேறு போர்ட். அதிலும் வராவிட்டால் நெட்வொர்க் கார்டு செட்டிங்கில் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' யாராவது 100 என்று பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், 'ஆட்டோ' ஆக்குங்கள். புதிதாக வாங்கினால் கேட் 5இ அல்லது கேட் 6. நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

லேப்டாப்புக்கு ஒரு வார்த்தை. ஃபைல் அடிப்படையிலான கணக்கு மென்பொருள் ஒரு லெட்ஜருக்கு ஆயிரக்கணக்கான சின்னக் கேள்விகள் கேட்கும்: இந்த வரியைப் பூட்டு, இந்த இன்டெக்ஸைக் கொடு, விடு. ஒயரில் ஒரு கேள்விக்குப் பதில் அரை மில்லிசெகண்டில் வந்தால் 5,000 கேள்விக்கு இரண்டரை நொடி. வைஃபையில் அதே பதில் 4 மில்லிசெகண்ட் என்றால் 20 நொடி. இணைய வேகப் பரிசோதனையில் வைஃபை எவ்வளவு காட்டினாலும் இந்தத் தாமதம் போகாது. அதைவிட ஆபத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தால் டேட்டா ஃபைல் கெடும். லேப்டாப்புக்கும் ஒயர் இழுங்கள். போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் போதும்.

ஷேர் வைத்திருக்கும் மெஷினில் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள், பிரிண்டருக்கும் அப்படியே. ஒருநாள் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாருக்கும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று வருவது முகவரி மாறிப்போவதால்தான்.

புதுவரவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கழற்றி மாட்டுவதற்குப் பதில் ரெஜிஸ்ட்ரி க்ளீனர், பிசி பூஸ்டர் ஏதாவது ஓடவிட்டால் போதாதா?

நள்ளிரவு நிர்வாகி

வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் வரி குறைவதால் வேகம் கூடாது, தேவையான ஒரு வரி போனால் மென்பொருள் திறக்காது. அந்த பூஸ்டர்களே ஸ்டார்ட்அப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்து, 'ஹை' என்று காட்டுபவற்றில் தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் சோதிக்கும்.

தாரணி

எக்செல் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் மாற்றிய பிறகும் ஒரு சில ஃபைல் மட்டும் இழுக்கும். அது மெஷின் குறையல்ல, ஃபைலின் குறை.

ஷீட்டைத் திறந்து கன்ட்ரோல்+எண்ட் அழுத்துங்கள். டேட்டா 800 வரியில் முடிகிறது, ஆனால் கர்சர் 10,48,576-ஆவது வரிக்குப் போய் நிற்கிறதா? யாரோ கடைசி வரி வரைக்கும் செல்களில் கோடு, நிறம் போட்டிருக்கிறார்கள். டேட்டாவுக்குக் கீழே உள்ள வரிகளை முழுசாகத் தேர்ந்து டிலீட் செய்து சேவ் செய்தால், சில ஃபைல்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வெறுமனே டிலீட் பட்டனைத் தட்டினால் எழுத்து மட்டும்தான் போகும். வரி எண்ணில் வலது க்ளிக் செய்து வரியையே நீக்க வேண்டும்.

அடுத்து 'ஆஃப்செட்', 'இன்டைரெக்ட்', 'டுடே', 'நவ்' போன்ற ஃபார்முலாக்கள். எங்கே எதைத் தட்டினாலும் இவை மறுபடி கணக்கிடப்படும். 'இன்டைரெக்ட்' ஐயாயிரம் செல்லில் இருந்தால் ஒவ்வொரு என்டருக்கும் காத்திருக்க வேண்டியதுதான். 'இண்டெக்ஸ்' கொண்டு மாற்றலாம். இன்றைய தேதியை ஒரே ஒரு செல்லில் வைத்து மற்றவை அதைப் பார்க்கட்டும். கன்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து பாருங்கள். காப்பி பேஸ்ட் செய்யச் செய்ய ஒரே விதி நூறு துண்டாகப் பெருகியிருக்கும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் திரும்பப் போடுங்கள்.

இன்னமும் எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் 65,536 வரிதான். ஏதாவது தளத்திலிருந்து பெரிய அறிக்கையை அந்த வடிவில் இறக்கினால் அதற்கு மேலுள்ள வரிகள் வராது, கூட்டுத்தொகை உதைக்கும்.

32 பிட் ஆபீஸை 64 பிட்டாக மாற்றும் யோசனை இருந்தால், பழைய ஆட்-இன்களும் 32 பிட் ஓடிபிசி டிரைவரும் (வேறு மென்பொருளின் டேட்டாவை எக்செல் படிக்க உதவுவது) வேலை செய்யாது என்பதை முதலில் பாருங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்கு டேட்டா இழுக்கிறீர்கள் என்றால் அந்த இணைப்புதான் முதலில் அறுந்துபோகும்.

கணக்குப்பிள்ளை

மிக்க நன்றி. பேக்கப் பற்றி ஒரு சந்தேகம். முதல் மெஷினில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கிறது, இரவில் காப்பி ஆகிறது. ஒன்டிரைவும் இருக்கிறது. அது போதும்தானே? புதிய மெஷின் வாங்கும்போது இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் முறை) வைத்துக்கொள்ளலாமா?

நள்ளிரவு நிர்வாகி

ரெய்டு 1 டிஸ்க் கெட்டால் வேலை நிற்காமல் காக்கும். தவறுதலாக அழித்த ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். அது பேக்கப் கணக்கில் வராது.

எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) சும்மா விடாது. சி டிரைவோடு சேர்த்து அதையும் பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் செருகுங்கள். ஒன்று எப்போதும் கழற்றப்பட்டு, முடிந்தால் வேறு கட்டடத்தில், இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே என்ற பழைய விதி இன்னும் மாறவில்லை.

ஒன்டிரைவ் அடிப்படையில் ஒத்திசைவுதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மறுசுழற்சித் தொட்டியில் தனிநபர் கணக்குக்கு 30 நாள், நிறுவனக் கணக்குக்கு 93 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். வேர்டு, எக்செல் ஃபைலுக்குப் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு டேட்டா ஃபோல்டரை மட்டும் ஒருபோதும் ஒன்டிரைவுக்குள் வைக்காதீர்கள். பாதி எழுதிய ஃபைல் மேலே ஏறும், இரண்டு பேருடைய பிரதி முரண்படும், கடைசியில் எது சரி என்று யாருக்கும் தெரியாது. மென்பொருளின் பேக்கப் வசதியில் எடுத்த ஒற்றை ஃபைலை ஒன்டிரைவில் போடுங்கள்.

மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி நாளின் கடைசிப் பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற செய்தியை நம்ப வேண்டாம். காலி ஃபோல்டரை காப்பி செய்தாலும் அதையேதான் சொல்லும்.

புதிய முதல் மெஷினுக்கு: 16 ஜிபி ரேம், 8 ஜிபி இரண்டாக. ஒரே 16 போட்டாலும் ஓடும். இரண்டாகப் போட்டால் இரண்டு சேனலிலும் படிக்கும், போர்டிலேயே உள்ள கிராபிக்ஸுக்கு அது உதவும். 512 ஜிபி என்விஎம்இ, கிகாபிட் போர்ட், விண்டோஸ் ப்ரோ. ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது, டொமைனிலும் (எல்லா மெஷினையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்க முடியாது. தனி கிராபிக்ஸ் கார்டு உங்களுக்கு வேண்டாம். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் ஷேர் அனுமதிக்கும், ஏழு பேருக்குத் தாராளம்.

பழைய பலகை

அந்த மெஷினுக்கும் ஸ்விட்ச்சுக்கும் சேர்த்து யுபிஎஸ் இருக்கணும். ஸ்விட்ச்சை விட்டுட்டா மெஷின் ஓடும், ஷேர் அறுந்துடும். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்த்து 100, 150 வாட்டுக்குள்ளதான். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ் பக்கம் கொண்டு வராதீங்க. உள்ள ஃபியூசர் சூடாகிறப்போ ஒரே இழுப்புல யுபிஎஸ் டிரிப் ஆகும்.

கணக்குப்பிள்ளை

சொன்னபடி ஆரம்பித்துவிட்டோம். முதல் மெஷினின் கேபிளை மாற்றியதும் லிங்க் ஸ்பீடு 1000. அங்கே ஒரு எஸ்எஸ்டியும் தற்காலிகமாகப் போட்டு க்ளோன் செய்தோம், லெட்ஜர் உடனே திறக்கிறது. 8400 இரண்டும் விண்டோஸ் 11. ஐ3 மூன்றுக்கும் மாற்று வரும் காலாண்டில்.

ஒரே ஒரு புதுச் சிக்கல். முதல் மெஷினில் இரவு மெயினை அணைத்துவிட்டுப் போனால் காலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்கிறது. எஸ்எஸ்டியால் வந்ததா?

பழைய பலகை

எஸ்எஸ்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துடுச்சு. சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டர்ல 2.8-க்குக் கீழ காட்டினா மாத்திடுங்க. தேதி பின்னால போனதும் தளங்களோட சான்றிதழ் 'இன்னும் தொடங்கலை'ன்னு பிரவுசருக்குத் தெரியும், அதான் அந்த எச்சரிக்கை. பேட்டரி மாத்துற வரைக்கும் காலையில தேதியைச் சரி பண்ணாம யாரையும் பில் போட விடாதீங்க, வவுச்சர் எல்லாம் பழைய தேதியில விழும்.

மாத்தும்போது: கழட்டறதுக்கு முன்னாடி பயாஸ்ல பூட் முறை, சேமிப்பக முறை, டிபிஎம் இந்த மூணு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. பேட்டரி வெளிய வந்ததும் எல்லாம் கம்பெனி அமைப்புக்குத் திரும்பிடலாம். பவர் கார்டைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திட்டு, பக்கத்துல இருக்கிற கிளிப்பை மெதுவாத் தள்ளினா பேட்டரி தானா எழும்பும். எழுத்து இருக்கிற பக்கம் மேல வர மாதிரி புதுசை வைங்க. ஆன் பண்ணதும் நேரா பயாஸ், படத்தைப் பார்த்து மூணையும் பழையபடி வச்சு சேவ். விண்டோஸுக்கு அப்புறம்தான் போகணும்.

நள்ளிரவு நிர்வாகி

அதற்கும் முன்னால், பிட்லாக்கர் ஆனில் இருந்தால் சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். அச்சடித்த சாவி கையில் இருக்கட்டும்.